பழைய பேப்பர், வெந்தயம், புளியங்கொட்டை: ஓட்டை முறத்தில் தொடங்கி ஒரு கிண்ணம் வரை

பேப்பர் கைவினை என்று தேடினால் வரும் வீடியோக்களில் பாதி, பொருள் பட்டியலிலேயே நம்மைப் பயமுறுத்திவிடும். வண்ணத் தாள், பசைத் துப்பாக்கி, மணி, ஜிகினா, அக்ரிலிக் பெயின்ட் என்று எல்லாம் வாங்கி முடித்தால், சந்தையில் ஒரு நல்ல மூங்கில் கூடை வாங்கும் காசைத் தாண்டிவிடும். பொழுதுபோக்காகச் செய்யலாம், தப்பில்லை. சிக்கனம் என்று மட்டும் அதைச் சொல்லக்கூடாது.

இங்கே சொல்லப்போவது நம் பாட்டிமார் செய்த வேலை. பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, இற்றுப்போன முறத்திலும் கூடையிலும் பூசுவார்கள். மிச்சக் கூழில் தட்டு, கிண்ணம் தட்டிக்கொள்வார்கள். இதற்கு வேண்டிய பொருளில் முக்கால்வாசி வீட்டிலேயே இருக்கிறது. மீதிக்கு நம் மாவட்டத்தில் புளியங்கொட்டை கொட்டிக் கிடக்கிறது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004-ல் இரண்டு மாவட்டமாகப் பிரிந்தாலும் புளி இரண்டு பக்கமும்தான் காய்க்கிறது.

எந்தப் பேப்பர் ஆகும், எது ஆகாது

செய்தித்தாள்தான் முதல் தேர்வு. வழவழப்பு இல்லாத மெல்லிய தாள், தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், சீக்கிரம் நாராகப் பிரியும். ஒரு வாரத்துத் தினசரி ஏறக்குறைய அரை கிலோ வரும். ஆரம்பத்துக்கு அது போதும். பள்ளிக்கூட நோட்டு, கேள்வித்தாள் எல்லாம் நல்ல வலுவான தாள், ஆனால் ஊற இன்னொரு நாள் ஆகும்.

முட்டை அட்டை கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே ஒருமுறை கூழாகிக் காய்ந்த காகிதம், வெந்நீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். முட்டை உடைந்து ஒழுகிய கறை இருந்தால் அந்த அட்டையை மட்டும் தள்ளிவிடுங்கள்.

பளபள வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம். அதன் மேல் களிமண் போன்ற பூச்சு இருக்கும், கூழ் பிசுபிசுக்கும், நார் பிடிக்காது. கல்யாணப் பத்திரிகையில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தால் அதுவும் ஊறாது. ஏ.டி.எம். ரசீது, பில் மெஷின் ரசீது வேண்டவே வேண்டாம். அவை மையில்லாமல் சூட்டில் எழுத்து வரும் ரசாயனத் தாள்கள், கையால் பிசையும் வேலையில் அவற்றுக்கு இடமில்லை.

பசை: கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம்

காகித நார் ஈரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் காயும்போது தானாகவே பிடித்துக்கொள்ளும். முட்டை அட்டை நிற்பது பெரும்பாலும் அந்தப் பிடிப்பில்தான். ஆனால் கையால் தட்டும் கிண்ணத்துக்கு மெஷின் அழுத்தம் கிடையாது, அதனால் பசை வேண்டும். இரண்டு பசை சொல்கிறேன், இரண்டுக்கும் தனித்தனி வேலை.

கூழுக்கு வெந்தயம். அரை கிலோ பேப்பருக்கு 50 கிராம் வெந்தயத்தை முந்தின இரவே ஊறவையுங்கள். மறுநாள் நன்றாகப் பொங்க அரைத்தால் கொழகொழவென்று வரும். அதிலுள்ள கோந்துதான் நமக்கு வேண்டியது. கூழ் விரலுக்கு வழுக்கிக்கொடுக்கும், விரிசல் குறையும். கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள், ஓரளவு உண்மைதான். முழுதாக நம்பி மூலையில் போட்டுவிடாதீர்கள்.

ஒட்டுவதற்கும் மேல்பூச்சுக்கும் புளியங்கொட்டை. மாசி, பங்குனியில் நம் பக்கம் பல ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் ஒரு படி கொட்டை கிடைக்காமல் போகாது. சும்மா வாங்காமல் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், கொட்டைக்கும் ஆலை விலை உண்டு. நூலுக்குக் கஞ்சி போட நெசவு ஆலைகள் இதே கொட்டை மாவைத்தான் வாங்குகின்றன. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் பலகையில் துணி ஒட்டவும் இந்தப் பசை பழகினது.

செய்முறை இதுதான். இரண்டு பிடி கொட்டையை மணலோடு சேர்த்து வறுங்கள். மணல் இருந்தால் சூடு ஒரே சீராகப் பரவும். மேல்தோல் வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். உள்பருப்பு சிவந்து கருகினால் பசையின் பிடிப்பு போய்விடும். மணலைச் சலித்துவிட்டு உரலில் லேசாக இடித்துப் புடைத்தால் தோல் பறந்து, வெளிறிய பருப்பு நிற்கும். உரல் இல்லாவிட்டால் துணியில் முடிந்து அம்மிக்குழவியால் தட்டுங்கள். இந்தப் பருப்பை அப்படியே மிக்சியில் போடாதீர்கள், கல் மாதிரி இருக்கும், பிளேடு போய்விடும். ஒரு இரவு ஊறவைத்து மைய அரையுங்கள்.

அரை டம்ளர் பருப்புக்கு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர். அரைத்ததை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள். சிறுதீயில் 20 நிமிடம், அரைமணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை விட்டால் அடிபிடிக்கும். கரண்டியைத் தூக்கினால் நூல் போல இறங்கி, பார்க்கக் கண்ணாடித்தனம் வந்தால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும். இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, புளித்து நாறும். அதனால் வேலை இருக்கும் நாளில் மட்டும் காய்ச்சுங்கள். அந்தக் காலத்தில் பசை கெடாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்யும் வேலையில் வேண்டாம், ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போதும்.

கொட்டை கிடைக்காத மாதமாக இருந்தால் மைதாப் பசை காய்ச்சிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும். எலிக்கு மட்டும் அது ரொம்பப் பிடிக்கும்.

கூழ்

பேப்பரைக் கத்தரியால் வெட்ட வேண்டாம், கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பின்னும். பக்கெட்டில் முழுகும்படி வெந்நீர் ஊற்றி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், மை கொஞ்சம் போகும். அந்தக் கறுத்த தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றாதீர்கள்.

அரைக்க ஆட்டுக்கல் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கிரைண்டரும் ஆகும், ஆனால் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரில் மைப் பேப்பரைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். உடைந்த மிக்சி ஜார் ஒன்று பரணில் கிடக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி பேப்பர், முக்கால் ஜார் தண்ணீர், நாலைந்து சுற்று. கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடாகி வாடை வரும். எந்த இயந்திரமும் இல்லையென்றால் நன்றாக ஊறியதைச் சாக்கின்மேல் போட்டு மிதிக்கலாம். பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அரைத்ததைப் பழைய வேட்டியில் கொட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். வெந்தய விழுதையும் ஒரு பெரிய கரண்டி புளியங்கொட்டைப் பசையையும் சேர்த்துப் பிசையுங்கள். கேழ்வரகுக் களி பதம் வர வேண்டும்: உருட்டினால் உருண்டை நிற்கும், அழுத்தினால் ஓரம் வெடிக்காது. வெடித்தால் கொஞ்சம் பசை விடுங்கள். கையில் ஒட்டி வழிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, மறுபடி பிழியுங்கள்.

முதலில் ஓட்டை முறம்

நேராகக் கிண்ணத்துக்குப் போகாதீர்கள். முதல் வேலைக்கு அச்சும் உருவமும் ஏற்கெனவே இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டால் கை சீக்கிரம் பழகும். பின்னல் விட்ட முறம், அடி இற்ற மூங்கில் கூடை, எதுவானாலும் சரி.

தேங்காய் நாரால் தூசி போகத் தேய்த்து, உடைந்து நீட்டிய மூங்கில் சிலும்புகளை வெட்டிவிடுங்கள். முறத்தை லேசாக ஈரமாக்கி, பசையை ஒரு கை தடவிக்கொள்ளுங்கள். காய்ந்த மூங்கிலில் கூழ் ஒட்டாமல் பத்தையாக உதிரும். ஓட்டை இருக்கும் இடத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, மேலிருந்து கூழை அமுக்குங்கள். கூழ் பின்னலுக்குள் புகுந்து மறுபக்கம் கொஞ்சம் பிதுங்க வேண்டும். அந்தப் பிதுக்கல்தான் ஆணி அடித்தது போலப் பிடிக்கும். ஓட்டைகள் அடைபட்டதும் முழுப் பரப்பிலும் அரை விரல் கனத்துக்கும் குறைவாக மெழுகி, ஈரக் கையால் நீவிவிடுங்கள். முன்பக்கம் காய்ந்த பிறகே பின்பக்கம்.

ஒரு எச்சரிக்கை. முன்பு இப்படி மெழுகின முறத்தில் அரிசி புடைத்தார்கள். அச்சு மை உணவில் படக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-ல் எச்சரித்திருக்கிறது, செய்தித்தாளில் பலகாரம் மடிக்கக் கூடாது என்பதும் அதனால்தான். ஆகவே இந்த முறம் வெங்காயம், பூண்டு, தேங்காய் போன்ற தோலுள்ள சாமான் வைக்க. புடைப்பதற்கு வேறு முறம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிண்ணம்

அச்சுக்கு வாய் அகன்று அடி குறுகின ஏதாவது ஒரு பேசின் எடுங்கள். உருண்டையான குடம், வாய் குறுகின சொம்பு வேண்டாம், காய்ந்ததும் வெளியே வராது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூழ் காயும்போது சுருங்கும். கவிழ்த்த பேசினுக்கு வெளியே தட்டினால் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிக்கும், அசையாவிட்டால் வெடிக்கும். உள்ளே தட்டினால் சுருங்கி அச்சை விட்டுத் தானாக விலகும். புதிதாகச் செய்பவர்கள் உள்ளேயே தட்டுங்கள். பக்கச் சுவர் சரிந்து இறங்கினால் கூழில் ஈரம் அதிகம் என்று அர்த்தம், பிழிந்துவிட்டு மறுபடி தட்டலாம். வெளியே தட்டித்தான் ஆவேன் என்றால் முக்கால் காய்ச்சலிலேயே கழற்றிவிட வேண்டும்.

கழுவிய பால் கவர்களைப் பிரித்து அச்சுக்குள் பரப்புங்கள், அல்லது ஈரத்துணி. அடியில் தொடங்கி, எலுமிச்சையளவு உருண்டைகளாக ஒன்றை அடுத்து ஒன்று வைத்து அமுக்கி மேலே ஏறுங்கள். சுண்டுவிரல் கனம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் அந்த இரண்டும் சேரும் கோட்டில்தான் விரிசல் விழும்.

பேப்பர் கிண்ணம் முதலில் உடைவது விளிம்பில். அதற்கு நம் ஊரில் ஒரு சுலபமான மருந்து, மாம்பழ அட்டைப்பெட்டி. சீசன் முடிந்தால் கிருஷ்ணகிரியில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமா? ஒரு விரல் அகலப் பட்டையாக வெட்டி, வளையமாக வளைத்து, பசை தோய்த்து விளிம்புக் கூழுக்கு நடுவில் புதைத்துவிடுங்கள். அலையலையான உள்தாள் பட்டைக்குக் குறுக்காகப் போகும்படி வெட்டினால்தான் வளையும், மற்ற வாட்டத்தில் மடங்கிவிடும்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். முதல் நாள் நிழல், கிண்ணம் அச்சிலிருந்து விலகியதும் எடுத்துக் கவிழ்த்து வெயிலில் மூன்று நான்கு நாள். எடுத்த எடுப்பில் சித்திரை வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் சுருங்கி கிண்ணம் கோணிக்கொள்ளும். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் மழைநாளில் தொடங்காதீர்கள், பூஞ்சைதான் பூக்கும். ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் வைத்தால் மேலே ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டியிருக்கும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வையுங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் உண்டு. சுண்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும்.

மேல்தோல்

காய்ந்த கிண்ணம் சொரசொரவென்றுதான் இருக்கும். பிள்ளைகளின் துண்டுச் சாக்பீஸ்களைத் தூளாக்கிப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்தால் அருமையான பட்டி. குழியையும் சிறு விரிசலையும் இதால் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாள் தேயுங்கள்.

அதன்மேல் கிழித்த தினசரி காலண்டர் தாள்களைப் பசை தடவி, ஒன்றின் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறும்படி உள்ளும் புறமும் இரண்டு வரிசை ஒட்டுங்கள். கிண்ணத்துக்கு வலுவே இந்தத் தோல்தான். பெயின்ட் அடிப்பதைவிடத் தேதியும் நல்லநேரமும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும்படி விடுவதுதான் எனக்குப் பிடிக்கும். நிறம் வேண்டுமென்றால் செம்மண்ணைத் துணியில் சலித்துப் பசையில் கலந்து பூசலாம். வெள்ளைக்குச் சாக்பீஸ் தூளே போதும். வார்னிஷ் வீட்டில் மிச்சம் இருந்தால் ஒரு கை அடியுங்கள். வார்னிஷ் அடித்தாலும் தண்ணீர் பட்டால் தாங்காது, ஈரப் பூ, கழுவின காய் வைக்காதீர்கள். சாவி, மின்சார பில், நூல்கண்டு, மாத்திரை அட்டை, இப்படிப் பட்டது எல்லாம் வைக்கலாம்.

தரையில் வைக்க வேண்டாம், கரையானுக்குக் காகிதமும் பசையும் சேர்ந்து விருந்து. மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். விளிம்பு உடைந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரமாக்கி, புதுக் கூழ் வைத்து, மேலே ஒரு காலண்டர் தாள் ஒட்டினால் தீர்ந்தது.

மிச்சக் கூழை வீசாதீர்கள். வெந்தயம் சேர்த்த கூழ் ஈரமாக இருந்தால் இரண்டாம் நாளே நாறும், அதனால் நெல்லிக்காய் அளவு உருட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டுவையுங்கள். அடுத்தமுறை வெந்நீரில் போட்டால் மறுபடி கூழாகும். கொட்டையை வறுக்காமல் நன்றாகக் காயவைத்து மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தால் அடுத்த மாசி வரை கவலையில்லை.