பழைய டிரையம்ப், நார்ட்டன், குட்ஸி, டுகாட்டி: வாங்கி வச்சா எப்படி பாத்துக்கணும்

என்கிட்ட ரெண்டு பழைய பைக் இருக்கு, ஒண்ணு பிரிட்டிஷ் வண்டி, 1968 டிரையம்ப் பொன்னவில் டி120, இன்னொண்ணு இத்தாலி வண்டி, மோட்டோ குட்ஸி 850 டி3. ரெண்டுக்கும் நானேதான் வேலை பாக்கறேன். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாதுங்கறது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. பிரிட்டிஷ் வண்டி அடிக்கடி கூப்பிடும், ஆனா கேக்கறதெல்லாம் சின்ன வேலை, ஒரு நட்டு, ஒரு டேப்பெட் (வால்வ் இடைவெளி சரி பண்றது), கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான். இத்தாலி வண்டி ரொம்ப நாள் ஒண்ணும் கேக்காது, கேக்கும்போது அளவு நூல் பிசகக் கூடாது. இதை மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா பிடிபடும்.

வாங்கப் போறீங்கன்னா முதல்ல இன்ஜின் ஹெட்ல கை வச்சு பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அது ஆறுற வரைக்கும் உக்காந்திருங்க, ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுங்கறதுதான் வண்டியோட ஜாதகம். இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. பெயின்ட், குரோம் எல்லாம் அப்புறம். உள்ள என்ன வேலை நடந்திருக்குன்னு கேளுங்க, குறிப்பா ரெண்டு சிலிண்டர் டிரையம்ப் ட்வின்னா "ஸ்லட்ஜ் டிராப் எப்ப கிளீன் பண்ணீங்க"ன்னு கேளுங்க. அந்த இன்ஜினோட கிராங்குக்கு (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) உள்ள ஒரு குழாய் இருக்கு, அதுதான் ஸ்லட்ஜ் டிராப், சுத்தற வேகத்துல ஆயில்ல இருக்கற அழுக்கெல்லாம் வெளிப்பக்கம் ஒதுங்கி அதுல போய் படியும், ஏன்னா அந்த இன்ஜின்ல நல்ல பேப்பர் ஃபில்டர் கிடையாது, சும்மா கம்பி வலைதான். என் வண்டியை பிரிச்சப்போ அந்த குழாய்ல கறுப்பா, தார் மாதிரி கெட்டியா, ஸ்குரூடிரைவரால குத்தி எடுக்கற அளவுக்கு இறுகிப் போயிருந்துச்சு, நடுவுல ஆயில் போக ஒரு பென்சில் முனை அளவுதான் வழி. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா பிஸ்டன் ராடை கிராங்கோட சேர்க்கற பிக் எண்ட் பேரிங் போயிருக்கும். இதை கிளீன் பண்ண இன்ஜினை முழுசா பிரிக்கணும், அதனால "தெரியல"ன்னு பதில் வந்தா அந்த வேலை உங்க தலையிலன்னு கணக்கு போட்டே விலை பேசுங்க.

அடுத்தது ஸ்பானர். இதுல நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாதீங்க. பழைய பிரிட்டிஷ் வண்டில விட்வொர்த்ங்கற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர்தான் உக்காரும், அதுல எழுதியிருக்கற நம்பர் வாயோட அகலம் இல்ல, போல்ட்டோட தடிமன். 1/4ன்னு போட்ட விட்வொர்த் ஸ்பானரோட வாய் கிட்டத்தட்ட 13.3 மில்லிமீட்டர், அதனால 13 ஏறாது, 14 லூசா இருக்கும். நான் 14 போட்டு ஒரு ராக்கர் பாக்ஸ் (ஹெட்ல வால்வ் மேல இருக்கற பெட்டி) போல்ட்டை திருகி முனையெல்லாம் உருண்டையாக்கி, கடைசில அதை வெட்டித்தான் எடுத்தேன். மறையும் அதே கதைதான், சைக்கிள் திரெட்னு சொல்ற, இன்ச்சுக்கு 26 மறை இருக்கற போல்ட் வர்ற இடத்துல கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கற வேற போல்ட்டை விட்டா ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் அலுமினியத்தையே அறுத்துடும். கையால கடைசி வரைக்கும் ஏறலைன்னா நிறுத்திடுங்க, அது வேற மறை. இத்தாலி வண்டில இந்த தொல்லை இல்ல, எல்லாம் மெட்ரிக்.

இப்ப ஆயில். டிரையம்ப், நார்ட்டன், பிஎஸ்ஏ மாதிரி பிரிட்டிஷ் வண்டியெல்லாம் டிரை சம்ப், அதாவது ஆயில் தனியா ஒரு டேங்க்ல இருக்கும் (1971ல இருந்து டிரையம்ப் 650ல ஃபிரேமுக்குள்ளயே). வண்டி சில வாரம் சும்மா நின்னா அந்த ஆயில் மெல்ல பம்ப் வழியா இறங்கி கிராங்க் கேஸ்ல தேங்கிடும், இதைத்தான் வெட் சம்பிங்னு சொல்றது, நார்ட்டன் கமாண்டோல இது ரொம்ப சகஜம். நீங்க டேங்க் மூடியை திறந்து பாத்து, ஐயோ ஆயில் குறைஞ்சிருக்கேன்னு ஊத்திடுவீங்க. ஊத்தாதீங்க! கீழ இருக்கறது ஸ்டார்ட் ஆனதும் மேல திரும்பி வந்து டேங்க் நிரம்பி வழியும், அதோட கிராங்க் கேஸ்ல ஆயில் நிறைஞ்சு கிடக்கும்போது ஓட்டினா பிரஷர் ஏறி சீல் எல்லாம் வெளிய தள்ளும். ரொம்ப நாள் நின்ன வண்டின்னா முதல்ல கீழ டிரெயின் பிளக்கை கழட்டி தேங்கினதை பிடிச்சு எடுங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் லெவல் பாக்கறது எப்பவுமே ஓட்டி முடிச்ச கையோடதான்.

ஒழுகலைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பிரிட்டிஷ் வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பிரீதர் (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) அடைச்சிருந்தாலோ பிஸ்டன் ரிங்ஸ் தேஞ்சிருந்தாலோ உள்ள காத்து அழுத்தம் ஏறி எங்க சந்து கிடைக்குதோ அங்க ஆயிலை தள்ளும், அதை சரி பண்ணாம மேல மேல சீலன்ட் பூசறது வீண். அதிலயும் சிலிகான் சீலன்டை அள்ளிப் பூசினா உள்பக்கம் பிதுங்கினது நூலா பிஞ்சு ஆயில் ஓட்டையையே அடைச்சிடும். மூடி ஒட்டி உக்கார்ற பரப்பை கண்ணாடி மேல வச்சு தேச்சு சமமாக்கி, புது பேக்கிங் போட்டு, மெல்லிசா பூசினா போதும்.

டி120ல டேப்பெட் கிளியரன்ஸ் இன்லெட் 0.05, எக்ஸாஸ்ட் 0.10 மில்லிமீட்டர், இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது. ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா ஏறி இறங்கறதால ஒரு பக்க இன்லெட் வால்வ் முழுசா திறந்திருக்கும்போது அடுத்த பக்க இன்லெட்டை செட் பண்ணலாம், எக்ஸாஸ்ட்டும் அப்படியே. ஸ்பார்க்குக்கு கரன்ட்டை விட்டு நிறுத்தற பாயிண்ட்டோட கேப் 0.38 மில்லிமீட்டர், ரெண்டு பாயிண்டையும் தனித்தனியா பாக்கணும். ஸ்பார்க் விழற டைமிங் முழு அட்வான்ஸ்ல, பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 38 டிகிரி முன்னாடி, இதை காதால வைக்காதீங்க, ஸ்டிரோப் லைட் போட்டு பாருங்க, ஒரு பக்கம் சரியா இருந்து மறுபக்கம் ரெண்டு மூணு டிகிரி தள்ளியிருந்தாலே வண்டி உதறும், சூடாகும், பிஸ்டன்ல ஓட்டை விழற வரைக்கும் கூட போகும்.

பிரிட்டிஷ் வண்டில வர்ற அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர்ல ஐடில் நிக்கலைன்னா பெரும்பாலும் ஐடிலுக்கு பெட்ரோல் விடற சின்ன ஓட்டை, பைலட் ஜெட், அடைப்புதான். பெரும்பாலானதுல உள்ள ஆழமா அடிச்சு வச்சிருக்கறதால கழட்ட முடியாது, 0.4 மில்லிமீட்டர் டிரில் பிட்டை கையால பிடிச்சு மெல்ல சுத்தி விட்டு கிளீன் பண்ணணும். மானிஃபோல்ட் நட்டை ரொம்ப முறுக்கினா பாடி வளைஞ்சு, திராட்டிலோட ஏறி இறங்கற ஸ்லைடு சிக்கும், திராட்டில் விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கிட்டே இருக்கும், ரோட்ல அது ஆபத்து.

ஒயரிங்ல பாதி பிரச்சனை எர்த்தாலதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த், பேட்டரியோட பிளஸ்தான் ஃபிரேமுக்குப் போகும். பழக்க தோஷத்துல மாத்தி குடுத்தா ரெக்டிஃபையர் (ஏசி கரன்ட்டை டிசி ஆக்கறது) அப்பவே போயிடும், பேட்டரி பாக்ஸ் மேலயே பெருசா எழுதி ஒட்டி வைங்க. பெயின்ட் அடிச்ச ஃபிரேம்ல எர்த் நிக்காது, அதனால இன்ஜின்ல இருந்து பேட்டரிக்கு தனியா ஒரு தடிமனான ஒயர் விடுங்க. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாத்தியிருந்தீங்கன்னா பேட்டரியை நல்லா வைங்க, வோல்டேஜ் இறங்கினா டைமிங் தாறுமாறா போயி கிக்கர் காலையே திருப்பி அடிக்கும்.

கிக் பண்றதுக்கும் ஒரு முறை இருக்கு. இக்னிஷனை ஆஃப்ல வச்சு கிளட்சை பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு தடவை மிதிங்க, ஒட்டிக்கிட்ட பிளேட் விட்டுக் குடுக்கும், இல்லன்னா முதல் கியர் போடும்போது டமார்னு எகிறும். அப்புறம் பெட்ரோல் திறந்து கார்புரேட்டர்ல இருக்கற டிக்லர் பட்டனை பெட்ரோல் லேசா கசியற வரைக்கும் அழுத்தி, இக்னிஷன் போட்டு, பாதியில நிறுத்தாம முழுசா ஒரே மிதி. இந்த பிரிட்டிஷ் வண்டில ஓட்டும்போது கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஆளில்லாத ரோட்ல கால் பழகற வரைக்கும் டிராஃபிக் பக்கம் போகாதீங்க.

இப்ப இத்தாலி பக்கம். குட்ஸி வேலை பாக்க சொகமான வண்டி, ரெண்டு ஹெட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதால ஸ்டூல் போட்டு உக்காந்தே டேப்பெட் செட் பண்ணலாம், டி3ல ரெண்டு வால்வுக்கும் 0.22 மில்லிமீட்டர். ஆனா பழைய குட்ஸில சிலிண்டர் போர் உள்பக்கம் குரோம் பூச்சு. அது உரிஞ்சா துகள் ஆயில்ல கலந்து பேரிங்கை தின்னுடும், நல்லா ஓடிக்கிட்டு இருக்கறப்பவே உரிய ஆரம்பிச்சிருக்கும், வெளிய தெரியாது. வாங்கின உடனே ஹெட்டை கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, ஓரத்துல சின்னதா செதில் கிளம்பியிருந்தாலும் சிலிண்டரை மாத்தணும். ஆயில் ஃபில்டர் இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற சம்ப்புக்குள்ள இருக்கு, ஒரு டஜனுக்கு மேல போல்ட் கழட்டணும், அதனாலதான் முன்னாடி வச்சிருந்தவர் அதை மாத்தாமலே விட்டிருப்பார். டி3ல கால் பிரேக் மிதிச்சா பின்னாடியும் முன்னாடி ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும், பிரேக் ஆயிலை மாத்தும்போது ரெண்டு லைனையும் காத்தில்லாம எடுங்க.

டுகாட்டி பெவல் வண்டி, அதாவது கேமை சாய்வான பெவல் கியர் சுத்தற வண்டி, வேற விஷயம். ஃபாபியோ டாலியோனி வரைஞ்ச அந்த டெஸ்மோ ஹெட்ல வால்வை மூடறதும் ராக்கர்தான், 1972ல இமோலா 200 ரேஸ்ல பால் ஸ்மார்ட் ஜெயிச்ச வண்டில இருந்ததும் இதேதான். திறக்கற பக்கம், மூடற பக்கம் ரெண்டுக்கும் தனித்தனி கிளியரன்ஸ், பெவல் கியருக்கு ஷிம் (மெல்லிசான வாஷர்) வச்சு செட் பண்ணணும். இதை நான் தொடறதில்ல, அந்த இன்ஜினையே வருஷக்கணக்கா பாக்கறவங்ககிட்டதான் குடுக்கச் சொல்வேன். ஆயில், கேபிள், கார்புரேட்டர் வேலையெல்லாம் வீட்லயே செய்யலாம். டேங்க் ஃபைபர்கிளாஸான்னு மட்டும் பாத்துக்கங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இளக்கி உப்ப வச்சிடும், உருகின பிசின் கார்புரேட்டர்ல போய் ஒட்டும்.

எத்தனால் தண்ணியையும் இழுக்கும், அதனால ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் டேப்பை மூடிட்டு கார்புரேட்டர் காயற வரைக்கும் இன்ஜினை ஓட விடுங்க. நிறுத்தின அப்புறம் அடில ஒரு அட்டை போட்டு வைங்க. மறுநாள் காலைல எந்த இடத்துல எத்தனை சொட்டுன்னு பாத்து, தேதி போட்டு அட்டையிலயே வட்டம் போடுங்க, போன வாரம் ரெண்டா இருந்த இடத்துல இப்ப அஞ்சு இருந்தா அடுத்து எங்க ஸ்பானர் வைக்கணும்னு தெரிஞ்சு போச்சு.