ஓடும் கருவின் காமாக் கதிர்: டாப்ளர் திருத்தம் செய்வது எப்படி

நியூட்ரான் மிகுந்த கருக்கள் சீக்கிரம் சிதைந்துவிடும். அவற்றை இலக்காக வைத்து அடிக்க முடியாது. அவற்றையே கற்றையாக ஓடவிட்டு, ஓட்டத்திலேயே உமிழும் காமாவைப் பிடிக்க வேண்டும். கரு ஓடுவதால் கதிரின் ஆற்றல் கோணத்துக்கேற்ப மாறித் தெரியும். அதை உண்மை ஆற்றலுக்குத் திருப்புவதே டாப்ளர் திருத்தம். கற்றை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில். பகுப்பாய்வை சிங்கப்பூரில் உட்கார்ந்தே செய்யலாம். 2013இல் வெளியான கால்சியம்-54இன் 2043 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) முகட்டை, அதாவது ஆற்றல் வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் கோட்டை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கணக்கு எளிது. பீட்டா என்பது ஒளிவேகத்தின் பங்காகக் கருவின் வேகம். கோணம் என்பது கருவின் பாதைக்கும் காமாவின் திசைக்கும் இடையே உள்ளது. லாரன்ஸ் காரணி 1/√(1 − பீட்டா²). அளந்த ஆற்றலை லாரன்ஸ் காரணியால் பெருக்கி, அதை மீண்டும் (1 − பீட்டா × கொசைன் கோணம்) என்பதால் பெருக்க வேண்டும். பீட்டா 0.6 என்றால் லாரன்ஸ் காரணி 1.25. அப்போது 2043 கேஇவி கதிர் 30 பாகையில் 3402 ஆகவும், 60இல் 2335 ஆகவும், 90இல் 1634 ஆகவும் தெரியும்.

ஆகவே உணரியின் அளவுத்திருத்தம் 3.4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்ட வேண்டும். தெரிந்த ஆற்றலில் காமா தரும் கதிரியக்க மூலங்களான சீசியம்-137 (662 கேஇவி), கோபால்ட்-60 (1173, 1332), இட்ரியம்-88 (898, 1836) மட்டும் போதாது. அமெரிசியம்-பெரிலியம் மூலத்தின் 4.4 மெகா கோட்டையும் சேருங்கள். காமாவைப் பிடிக்கும் சோடியம் அயோடைடு படிகத்தின் குறி ஆற்றலோடு நேர்கோட்டில் நடக்காது. நீட்டிக் கணித்தால் ஏமாற்றும்.

இங்கே சிங்கப்பூர் ஆய்வகத்தில் பழகுபவர்கள் கதிரியக்க மூலத்தை வாங்குமுன் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிம விதிகளைப் பார்த்துவிடுங்கள். சுவர்களே இலவசமாகத் தருவது இரண்டு கோடுகள்: பொட்டாசியம்-40இன் 1461, தோரியத் தொடரின் 2615. இரவில் ஏர்கான் அணைந்தால் அறை சூடேறி, படிகத்தின் ஒளியை மின்குறியாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம் நகரும். 1461 எங்கே நிற்கிறது என்று மணிக்கொருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

தரவில் முதல் வேலை, பறக்கும் நேரம், ஆற்றல் இழப்பு, காந்த விறைப்பு (காந்தப்புலத்தில் வளைய எவ்வளவு மறுக்கிறது என்பது) மூன்றையும் வைத்து உள்வரும் கருவையும் வெளியேறும் கருவையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது. இங்கே கண்டிப்பாக இருங்கள்: வாயிலை (தேர்வு எல்லையை) அகலமாக்கினால் பக்கத்து ஐசோடோப்பின் முகடு புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எட்டிப்பார்க்கும்.

பிறகு, கோணத்துக்கு எதிரே திருத்திய ஆற்றலை இருபரிமாணப் படமாக வரையுங்கள். ஓடும் கருவின் கோடு நேராக நிற்கும். நகராத பொருளில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிந்து தரும் 511 கேஇவி கோடு வளைந்து போகும். கோடு சாய்ந்திருந்தால் பீட்டா தவறு. பீட்டாவை 0.01 கூட்டிப் போட்டால் 30 பாகையில் முகடு சுமார் 18 கேஇவி இறங்கும், 90இல் சுமார் 20 ஏறும். தடித்த இலக்கில் கரு வேகம் இழப்பதால் இலக்கின் நடுப்பகுதி வேகத்திலிருந்து தொடங்குங்கள்.

எல்லாக் கோணத்திலும் நேராக நின்றும் தாழ் ஆற்றல் பக்கம் வால் நீண்டால், பீட்டாவைத் தொடாதீர்கள். காமாவை உமிழும் கிளர்வு நிலையின் ஆயுள் நீண்டது என்று பொருள். 100 பிக்கோ நொடியில் கரு 1.8 செ.மீ. தள்ளிப் போய்விடும், உண்மைக் கோணம் நாம் வைத்ததைவிடப் பெரிதாகும். அதற்கு ஆயுளைச் சேர்த்த உருவகப்படுத்தல்தான் வழி.