டிசி மோட்டாரைத் திசை திருப்பும்போது செய்யக் கூடாதவை

டிசி மோட்டாரின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டும், மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் நான்கு சுவிட்சுச் சுற்றான எச்-பிரிட்ஜும் இருந்தால் இதை இரண்டே வரி புரோகிராமில் செய்துவிடலாம். மேசைமேல் சுமையில்லாமல் ஓடும் சின்ன மோட்டாருக்கு அந்த இரண்டு வரி போதும். தள்ளு கேட், சக்கர வண்டி என்று சுமை ஏறினால் கதை வேறு.

பெரிய தவறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே திசையை மாற்றுவதுதான். சுற்றுகிற மோட்டார் அதே நேரத்தில் ஜெனரேட்டரும்கூட. 12 வோல்ட் மோட்டார், சுருளின் மின்தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது சப்ளைக்கு எதிராகக் கிட்டத்தட்ட 11 வோல்ட்டை உண்டாக்கும். அதனால்தான் அரை ஆம்பியரில் ஓடுகிறது. சட்டென்று திசையை மாற்றினால் அந்த 11 வோல்ட் இப்போது சப்ளையோடு சேர்ந்துகொள்ளும். 23 வோல்ட், 2 ஓம்: 11.5 ஆம்பியர். மோட்டாரை அசையவிடாமல் பிடித்தால்கூட 6 ஆம்பியர்தான் வரும். எல்298என் என்ற எச்-பிரிட்ஜ் சிப் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். கியர் பற்களுக்கும் நல்ல அடி.

ஆகவே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, மோட்டார் நின்ற பிறகு, மறுதிசையில் மெதுவாக ஏற்றுங்கள். சுழற்சியை அளக்கும் என்கோடர் இருந்தால் நின்றதா என்று பார்த்துவிட்டே மாற்றலாம். இல்லையென்றால் முழுச் சுமையோடு நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வையுங்கள்.

அடுத்தது, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு. மோட்டாரை அணைக்கும்போது எழும் மின்னழுத்த அடியிலிருந்து சுற்றைக் காப்பது இதுதான். ஒரே திசையில் ஓடும் சுற்றில் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டுப் பழகியிருப்போம். திசை மாறும் சுற்றில் அதே டையோடு ஒரு பக்கத்துக்கு நேரடி ஷார்ட்! இங்கே நான்கு வேண்டும்: மோட்டாரின் ஒவ்வொரு முனையிலிருந்தும் பிளஸ்ஸுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. எல்298என் சிப்புக்குள் இவை கிடையாது, வெளியே நாம்தான் சேர்க்க வேண்டும்.

மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகளை வைத்து நீங்களே பிரிட்ஜ் கட்டினால், ஒரே பக்கத்தின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரு கணம்கூடச் சேர்ந்து ஆன் ஆகக் கூடாது. ஒன்றை அணைத்துச் சிறு இடைவெளி விட்டே மற்றதைப் போட வேண்டும். அடிக்கடி திசை மாறாத வேலைக்கு எனக்குப் பிடித்தது இரண்டு ரிலே முறை. ஒவ்வொரு ரிலேயின் காமனையும் மோட்டாரின் ஒரு முனைக்குக் கொடுங்கள், என்.ஓ. (ரிலே ஆன் ஆனால் காமனோடு சேரும் முனை) பிளஸ்ஸுக்கு, என்.சி. (ஆஃபில் காமனோடு சேர்ந்திருக்கும் முனை) கிரவுண்டுக்கு. புரோகிராம் எப்படித் தப்பாகப் போனாலும் இந்த இணைப்பில் சப்ளை ஷார்ட் ஆகாது. மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு ரிலேயை மாற்றினால் கான்டாக்ட்டும் கருகாது.

அப்புறம், ஆர்டுயினோவையும் அதற்கு யுஎஸ்பி வழியாகக் கட்டளை அனுப்பும் கம்ப்யூட்டரையும் அப்படியே நம்புவது. ஆர்டுயினோ ரீசெட் ஆகும்போது அதன் பின்கள் எதையும் இயக்காமல் மிதக்கும். ஊனோ போர்டில் சீரியல் போர்ட்டைத் திறந்தாலே ரீசெட் ஆகிவிடும். எச்-பிரிட்ஜை இயங்கவைக்கும் எனேபிள் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டால் அந்த நேரத்தில் மோட்டார் அசையாது. யுஎஸ்பி ஒயர் கழன்றுவிட்டால்? போர்டுக்குத் தனி மின்சாரம் இருந்தால் கடைசிக் கட்டளையிலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அரை விநாடி கட்டளை வராவிட்டால் நிறுத்து என்று போர்டிலேயே எழுதிவையுங்கள். புரோகிராம் உறைந்துபோனால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கும் வேண்டும்.

கேட் முனையைத் தொட்டதும் அழுந்தும் லிமிட் சுவிட்சைப் புரோகிராம் படித்தால் மட்டும் போதாது. அழுந்தினால் இணைப்பை அறுக்கும்படி அதை மோட்டார் ஒயரிலேயே தொடராக வைத்து, அந்தச் சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுங்கள். கேட் முனையைத் தொட்டதும் தானே நிற்கும், டையோடு வழியாகத் திரும்பி வரவும் முடியும். அவசர நிறுத்தப் பொத்தானும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நேராக அறுக்க வேண்டும், ஆர்டுயினோ பின்னுக்குச் செய்தி சொல்வதாக இருக்கக் கூடாது.