நெல்லை வெயிலில் போன்சாய்: முதல் மரத்திலிருந்து தொடங்குவோம்

ஆழமில்லாத தட்டில் மரத்தைக் குட்டியாக வளர்க்கிற போன்சாய் ஆசை வந்ததும் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மரம் வாங்கிவிடாதீர்கள். நம்ம ஊர்ப் பக்கம் ஆலும் அரசும் இச்சியும் பனைமரத்துக் கழுத்திலும் கிணற்றுச் சுவரிலும் பழைய வீட்டு மாடியிலும் தானாகவே முளைத்துக் கிடக்கின்றன, எல்லாம் பறவை போட்ட விதை. ஒருபிடி மண் இல்லாமல் சித்திரை வெயிலைத் தாங்கிய கன்றைவிட, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்ல மரம் கிடையாது. நல்ல மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வேரோடு மெதுவாக எடுங்கள். பாபநாசம், முண்டந்துறைப் பக்கம் காட்டுக்குள் மட்டும் கை வைக்கவேண்டாம், அது புலிகள் காப்பகம்.

எடுத்த கன்றை நேராகத் தட்டில் வைக்காதீர்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். ஆழமில்லாத தட்டில் வேருக்கு இடம் குறைவு, அதனால் அடிமரம் பருக்கிற வேகமும் குறைந்துவிடும். முதலில் பெரிய தொட்டியில் வைத்து, கிளையை வெட்டாமல் ஓடவிடுங்கள். அடிமரம் கட்டைவிரலை விடப் பருத்த பிறகு தட்டுக்கு மாற்றலாம். இரண்டு மூன்று வருஷம் ஆகும், ஆகட்டும்.

அடுத்து மண். செங்கல்லை உடைத்துச் சலித்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும் சல்லியை இரண்டு பங்கு எடுங்கள். அதோடு பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. சலித்த தூளைக் கண்டிப்பாகக் கொட்டிவிடுங்கள், அது அடியில் போய் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் மழைக்காலத்தில் அழுகிவிடும்.

தட்டுக்குக் காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் அளவு சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அடியில் இரண்டு பெரிய ஓட்டை வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஓட்டைமேல் வலைத்துண்டு போட்டு, அதன் வழியாக ஒரு கம்பியை விட்டு மரத்தைத் தட்டோடு கட்டிவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கட்டாத மரம் ஆடி ஆடிப் புதுவேர் அறுந்துபோகும். வேரை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள், அப்புறம் ஒரு மாதம் நிழலில் வையுங்கள், உரம் போடாதீர்கள்.

வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பி போதும், கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. சாய்வாகச் சுற்றி, கிளையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளையுங்கள். ஆலும் இச்சியும் வேகமாகப் பருக்கும், வாரம் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கம்பி பட்டையில் பதிய ஆரம்பித்தால் திருகிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் மரம் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் குறைந்திருந்தால் அடி ஓட்டையில் வடிகிறவரை ஊற்றுங்கள். பங்குனி முதல் காலையும் சாயங்காலமும் ஊற்றவேண்டி வரும், மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தட்டு விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து அவ்வப்போது தாராளமாக ஊற்றினால் உப்பு கரைந்து போகும்.

மரங்கள் பெருகும்போது, நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனால் வீட்டில் இருப்பவர் அலுக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடிய எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னத் தட்டுகளை ஒரே இடத்தில் வையுங்கள், அவைதான் முதலில் காயும். தட்டு மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் அடியில் பெயின்டால் எழுதிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம் சின்னக் கல் கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.