குருவி வந்தால் போதுமா? வளவில் மரம் வைப்பவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் குருவிகள் வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பலர் முதலில் வைப்பது, வெளிநாட்டிலிருந்து வந்த, சின்ன இனிப்புப் பழம் காய்க்கும் ஜாம் மரம். சீக்கிரம் வளரும், நிழல் தரும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் காய்க்கும். பகலில் கொண்டைக்குருவியும் அணிலும், இரவில் வௌவாலும் வந்து போகும். இவ்வளவு பறவை வருகிறதே, சூழலுக்கு நல்லதுதானே என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரிய தவறு இதுதான்.

குருவி எதைத் தின்கிறது என்பது பாதிக் கதை. அதன் வயிற்றில் போன விதை எங்கே விழுந்து முளைக்கிறது என்பதுதான் மீதி. களா, இசங்கு, சூரை, நாவல் போன்ற நம் மண்ணின் செடிகள் குறிப்பிட்ட காலத்தில்தான் பழுக்கும். அந்தச் சில வாரங்களில் யாராவது தின்று, வேறிடத்தில் எச்சமிட்டால்தான் அவை பரவும். பக்கத்திலேயே எந்நேரமும் இனிப்பான பழம் கிடைத்தால், கொண்டைக்குருவி முள்ளுக்குள் நுழைந்து களாவைத் தேடவேண்டிய தேவையே இல்லை. பழம் பற்றையிலேயே வாடி விழும்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லமாட்டேன். சில வேளை ஜாம் மரத்துக்கு வரும் குருவியே வேறு எங்கோ தின்ற நாட்டுப் பழத்தின் விதையை அதன் கீழ் போட்டுவிட்டுப் போகும். ஆகவே மேலே பார்ப்பதை விட்டு, மாரி மழை தொடங்கிய பிறகு குனிந்து நிலத்தைப் பாருங்கள். மரத்தடியில், வேலியோரம், மதில் வெடிப்பில் என்ன முளைத்திருக்கிறது? இசங்கும் சூரையும் இருந்தால் நல்லது. ஜாம் கன்றும் உண்ணிச்செடியும் (லன்டானா) மட்டுமே என்றால், உங்கள் வளவுக்கு வரும் பறவைகள் வெளியிலிருந்து வந்த செடிகளுக்குத்தான் வேலை செய்கின்றன.

உண்ணிச்செடி 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அழகுக்காக இலங்கைக்குள் வந்தது. அதன் கருநீலப் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்னும், ஆனால் இலையில் நஞ்சு இருப்பதால் ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. பக்கத்தில் முளைக்கும் நாட்டுக் கன்றை மேய்ந்துவிட்டு இதை விட்டுவிடும். இரண்டு பக்கமும் இதற்கே லாபம்.

பறவைகளை மட்டும் கணக்கில் எடுப்பது இன்னொரு தவறு. அம்பாந்தோட்டைப் பக்கம் உவர் நிலத்தைச் சீர்செய்ய 1950களில் சீமைக்கருவேல் நட்டார்கள். இனிப்பான நெற்றைத் தின்ற மாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்ப, புந்தல தேசியப் பூங்காவுக்குள் அது காடாகிவிட்டது. கடனீரேரிகள் சூழ்ந்த நம் குடாநாட்டில், கரையோர உவர் தரைக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இந்த மரம் பரவியிருக்கும் இடங்களிலிருந்து வரும் எருவிலும் கவனம் வேண்டும்.

வௌவாலை வெடி போட்டு விரட்டுவதும் நாம் யோசிக்காமல் செய்வது. நாவல் விதை சின்னக் குருவியின் வாய்க்குள் போகாது. வௌவால்தான் பழத்தைக் கவ்விக்கொண்டு போய், வேறொரு மரத்தில் தொங்கித் தின்றுவிட்டு விதையைக் கீழே போடும். ஹவாயில் உள்ளூர்ப் பறவைகள் பல அழிந்த பிறகு, வெளியிலிருந்து வந்த சிறு பறவைகள்தான் இன்று பெரும்பாலும் விதை பரப்புகின்றன. அவற்றால் சிறு விதைகளைத்தான் விழுங்க முடிகிறது. பெரிய விதை உள்ள மரங்களுக்கு அங்கே ஆளில்லை.

அதற்காக வெளியிலிருந்து வந்தது எல்லாமே எதிரி என்று நினைக்க வேண்டாம். மிளகாயும் புகையிலையும் வந்தவைதான். நெடுந்தீவின் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, காடாகப் பெருகிவிடவில்லை. வேலிக்கு ஊன்றும் சீமைக்கிளுவைக் கதியாலும் அப்படித்தான்: ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை. ஆனால் அதன் நெற்று வெடித்துச் சிதறும், பழந்தின்னிக்கு அதில் ஒன்றுமில்லை. எனவே கதியால்களுக்கு நடுவே களாவும் இசங்கும் வளர இடம் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. உண்ணிப் பற்றையை ஒரே நாளில் மொத்தமாக வெட்டிக் கொளுத்தாதீர்கள். அதன் நிழலில் பறவைகள் போட்ட நாட்டுக் கன்றுகள் ஒளிந்து நிற்கக்கூடும். பழுக்கும் முன்பே வெட்டத் தொடங்குங்கள். உள்ளே நிற்கும் கன்றுகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், பிறகு சுற்றியிருப்பதை வேரோடு பிடுங்குங்கள். வெறுந்தரையாக விட்டால் முதலில் வந்து குந்துவது பார்த்தீனியம் என்ற களைதான்.