போதையில இருந்து மீளுற பயலுவள மலையடிவாரத்துக்கு கூட்டிட்டுப் போற வேலை: புதுசா வாரவங்களுக்கு

மலையேறத் தெரியும், நீச்சல் தெரியும், பயலுவளோட நல்லா பழகுவேன், இந்த வேலைக்கு வரலாமான்னு நிறைய பேரு கேக்காங்க. வரலாம், தாராளமா வாங்க. ஆனா மலை ஏறுறது இதுல கால்வாசி கூட கிடையாது, சாயங்காலம் ஆறு மணியில இருந்து பயலுவ தூங்குற வரைக்கும் இருக்கு பாத்தீங்களா, அதுதான் வேலையே. கஞ்சா, உதட்டுக்குள்ள ஒதுக்குற புகையிலைப் பொட்டலமான கூல் லிப், போதைக்குன்னு போடுற வலி மாத்திரை, சரக்கு, எதுல விழுந்தவனா இருந்தாலும் பகல்ல நடத்தி வேலை வாங்கினா ஒழுங்கா இருப்பான், இருட்ட ஆரம்பிச்சதும் இருப்பு கொள்ளாது, ஏன்னா ஊர்ல அவன் கூட்டாளிகளோட ஒதுங்குற நேரம் அது. அந்த நேரத்துல கத்தாம, அறிவுரை சொல்லாம, கூட உக்காரத் தெரிஞ்ச ஆளுதான் இங்க வேணும்.

மொதல்ல டாக்டர், பொறவுதான் மலை. இதுல யாரு சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க. தினமும் குடிச்சிட்டு இருந்தவன் திடீர்னு நிறுத்தினா 6 மணி நேரத்துல இருந்து 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், அதத் தாண்டி 2-வது நாள்ல இருந்து 4-வது நாள் வரைக்கும் புத்தி தடுமாறி, உடம்பெல்லாம் நடுங்கி, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், கவனிக்கலன்னா உயிரே போயிரும். அப்படிப்பட்டவன தோப்புல வச்சி என்ன செய்வீங்க? பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மாதிரி மனநலப் பிரிவு இருக்குற இடத்துல காட்டி, உடம்புல இருந்து எல்லாம் இறங்கி, டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாதான் வண்டியில ஏத்தணும். கஞ்சாப் பயலுக்கு வலிப்பு பயம் பெருசா இல்ல, ஆனா மொத வாரம் தூக்கம் இருக்காது, சோறு இறங்காது, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சி விழுவான், அத திமிருன்னு நினைச்சி மல்லுக்கு நிக்காதீங்க. யாரு என்ன மாத்திரை சாப்பிடுதான்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கோங்க. டைசல்பிராம்னு குடிய விட வைக்கக் குடுக்குற மாத்திரை சாப்பிடுறவனுக்கு ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பக் குடுத்தாக்கூட முகம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சி, வாந்தி எடுத்துருவான். மனநல மாத்திரை சிலதுக்கு உடம்பு வெயில் தாங்காது, நம்மூரு பங்குனி வெயில்ல அவன மத்தியானம் நடத்தக் கூடாது.

இந்த மாதிரி முகாமெல்லாம் வெளிநாட்டுல ரொம்ப காலமாவே இருக்கு, 1941-ல வேல்ஸ்ல இளவட்டங்களுக்கு கடலும் மலையுமா ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க, அவுட்வர்ட் பவுண்ட்னு பேரு, அதுல இருந்து கிளைச்சிதான் அமெரிக்காவுல போதைப் பயலுவளுக்கான காட்டு சிகிச்சை வரைக்கும் வந்தது. அங்க நடந்த நல்லதயும் படிங்க, கெட்டதயும் கட்டாயம் படிங்க. நடுராத்திரி ரெண்டு தடியன்மாரு வந்து பையன கட்டில்ல இருந்து இழுத்துட்டுப் போறது, பெத்தவங்களே அதுக்கு காசு குடுக்குறது, இதெல்லாம் அங்க வழக்கமாவே இருந்திருக்கு. 1994-ல யூட்டா மாநிலத்துல ஒரு 16 வயசுப் பையன் வயித்து வலி, முடியலன்னு நாள்கணக்கா சொல்லியிருக்கான், நடிக்கான்னு விட்டுட்டாங்க, குடல் புண்ணு ஓட்டையாகி செத்தே போனான். 2024 டிசம்பர்ல தான் இந்த மாதிரி இடங்கள்ல என்ன நடக்குன்னு ஆய்வு செய்ய அங்க தேசிய அளவுல ஒரு சட்டம் வந்துச்சி. அதனால ரெண்டு விஷயத்துல நம்ம கறாரா இருக்கணும். 18 வயசுக்கு கீழ உள்ளவன்னா அப்பா அம்மா கையெழுத்து வேணும், ஆனா அது மட்டும் போதாது, பயலும் தன் வாயால வாரேன்னு சொல்லணும். அடுத்தது, உடம்புக்கு முடியலன்னு ஒருத்தன் சொன்னா நம்பணும். பத்து பேரு நடிச்சாலும் பரவால்ல, பத்து தடவையும் காய்ச்சல் பாருங்க, வயித்த அமுக்கிப் பாருங்க, சந்தேகம்னா 108-க்கு போனப் போட்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு விரட்டுங்க.

எங்க தங்குறதுன்னு கேப்பீங்க. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து மலைக்காடு, களக்காடு முண்டந்துறை, 1988-ல இருந்து புலிகள் காப்பகம், பாபநாசத்துலயும் மணிமுத்தாறுலயும் செக்போஸ்ட் உண்டு, அனுமதி இல்லாம உள்ள நடக்குறது குற்றம். எனக்கு ரேஞ்சரத் தெரியும்னு எவனாவது சொல்லுவான், அந்த ஆள மொதல்ல கழட்டி விடுங்க. நம்ம வேலைக்கு நடுக்காடு தேவையே இல்ல, சிங்கம்பட்டி பக்கமோ சிவசைலம் பக்கமோ தெரிஞ்சவரு தோப்பு ஒண்ணு, பக்கத்துல ஒரு அடிபம்பு, மேக்க பாத்தா மலை, போதும். பகல் நடைக்கு குளக்கரை இருக்கு, ஆத்தங்கரை இருக்கு, முறைப்படி டிக்கெட் எடுத்து அகஸ்தியர் அருவிக்கும் ஒரு நாள் கூட்டிட்டுப் போலாம். ஜனவரியில தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல பறவை கணக்கெடுப்பு நடக்கும், அதுல சேத்து விடுங்க, பைனாகுலர கையில குடுத்துட்டா நெத்தியில நாமம் போட்ட நாமக்கோழித் தலைய எண்ணுறதுலயே வாயாடிப் பயலும் ஒரு மணி நேரம் பேசாம நிப்பான். ஐப்பசி கார்த்திகையில போவாதீங்க, மலையில பெய்ஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே ஆத்துல தண்ணி ஏறிரும். ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு சனம் அள்ளிட்டு வரும், அந்த வாரமும் வேண்டாம். ராத்திரி மிச்ச சோத்த வெளிய போட்டு வைக்காதீங்க, அந்தப் பக்கம் கரடி ஊருக்குள்ளயே வந்துட்டுப் போவுது.

பை சோதனைய அவன் முன்னாடியே, மத்தவங்க கண்ணு படுற தூரத்துல கொஞ்சம் தள்ளி வச்சிப் பண்ணுங்க. டார்ச்சுல பேட்டரி போடுற இடம், பேஸ்ட் டியூபோட அடி, பேண்ட் இடுப்புத் தையல், செருப்பு அட்டைக்கு உள்ள, இவ்வளவும் பாக்கணும். கூல் லிப் வாய்க்குள்ளயே மேலுதட்டுக்கு கீழ ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒரு பக்கமா பேசுறான்னா அதுதான். கிடைச்சா மத்தவங்க முன்னாடி காட்டி சிரிக்காதீங்க, அவன் கையாலயே தண்ணியில கரைச்சி ஊத்தச் சொல்லுங்க, முடிஞ்சது.

இப்ப அந்த சாயங்காலம். அஞ்சரைக்கே சமையல ஆரம்பிச்சிருங்க, சமையல்காரர் வேண்டவே வேண்டாம், பயலுவளே செய்யணும். மூணு கல்லு வச்சி, தென்னம் பன்னாடையக் கசக்கி அடியில திணிச்சி, மேல பென்சில் கனத்துக்கு சுள்ளி, அதுக்கு மேல காஞ்ச மட்டைன்னு அடுக்கச் சொல்லுங்க. அவசரப்படுறவன் எடுத்ததுமே பெரிய மட்டையப் போடுவான், புகைஞ்சி அணைஞ்சிரும், கண்ணெல்லாம் எரியும், திட்டிக்கிட்டே திரும்ப பிரிச்சி அடுக்குவான். நீங்க கை வைக்கப்படாது. தீ பிடிச்சதும் கருப்பு உளுந்தஞ்சோறு, எள்ளுத் தொவையல், தேங்காப்பூவும் பூண்டும் தாராளமா. பசியே இல்லன்னவன் அடிச்சட்டியச் சுரண்டுவான்.

இதுக்கு நடுவுல ஒருத்தன் எந்திரிச்சி அங்கனயும் இங்கனயும் நடப்பான், நகத்தக் கடிப்பான், பைய உங்க பக்கத்துல வந்து, "அண்ணே, தலையே வெடிக்கிண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும், வீட்டுல சொல்ல மாட்டேம்ண்ணே" அப்படிம்பான். உன் அம்மாவ நினைச்சிப் பாருலேன்னு ஆரம்பிக்காதீங்க, அது அவன் ஆயிரம் தடவ கேட்டது. "சரி வா, பம்புல ரெண்டு குடம் அடிச்சிட்டு வருவோம்"னு எந்திரிங்க. அந்த வேகம் பெரும்பாலும் கால் மணியில இருந்து அரை மணி நேரம் உச்சத்துல நின்னுட்டு தானா இறங்கும், அது வரைக்கும் கைக்கு வேலையும் பக்கத்துல ஒரு ஆளும் இருந்தா போதும். இறங்கினதும் மணி எத்தனன்னு அவன்கிட்டயே கேளுங்க. அது இறங்கும்ங்கிறதே நிறைய பயலுக்குத் தெரியாது, அவன் அதுவரைக்கும் ஒரு தடவ கூட காத்திருந்து பாத்ததில்ல.

அடிக்கக் கூடாது, சோத்த நிறுத்தக் கூடாது, தண்டனைன்னு நடக்க விடக் கூடாது. நாலு பயலுக்கு ஒரு ஆளாவது வேணும், ராத்திரி முறை போட்டு முழிக்கணும், எந்தப் பயலயும் மத்தவங்க கண்ணுக்கு மறைவா தனியா கூட்டிட்டுப் போவாதீங்க, அது அவனுக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆளுன்னா தயவுசெஞ்சி வராதீங்க, நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கும்போது அது வரும்.

கீழ இறங்குறதுதான் ஆபத்தான கட்டம். வலி மாத்திரை போட்டவன் கொஞ்ச நாள் விட்டுட்டா உடம்பு பழைய அளவத் தாங்காது, முன்னாடி போட்ட அதே அளவ ஊசியில ஏத்தினாலோ முழுங்கினாலோ மூச்சு நின்னுரும், இத பயலுக்கும் சொல்லணும் பெத்தவங்களுக்கும் மூடி மறைக்காம சொல்லணும். கையில காசு குடுத்து ஊருக்கு அனுப்பாதீங்க, வீட்டு ஆளு ஒருத்தர் நேர்ல வந்து கூட்டிட்டுப் போகட்டும். போதை மறுவாழ்வுக்கு 14446, மனசு சரியில்லன்னா 14416, சின்னப் பயலுக்கு ஏதாவது கொடுமைன்னா 1098, மூணையும் அவன் போன்ல சேவ் பண்ணி குடுங்க. அடுத்த ஓபி தேதி, எந்த டாக்டரு, நீங்க எந்தக் கிழமை எத்தன மணிக்கு போன் பண்ணுவீங்க, இதெல்லாம் பஸ்ஸு ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு சீட்டுல எழுதி அவன் சட்டப் பையில வச்சிருங்க, வீட்டுக்குப் போனப்புறம் பேசிக்கலாம்னு விட்டா போன எடுக்கவே மாட்டான்.