கூடத்தில் தொங்கும் பாட்டி படத்தைப் படிப்பது எப்படி?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பாட்டி, கொள்ளுப்பாட்டி படங்களில் பல, முழு ஓவியமும் அல்ல, வெறும் போட்டோவும் அல்ல. கருப்பு வெள்ளைப் போட்டோ மேல் கையால் வண்ணம் தீட்டியவை. கேமராவில் பதிந்தது எது, தூரிகை சேர்த்தது எது என்று பிரித்துவிட்டால், அந்தக் காலம் பெண்ணிடம் எதை எதிர்பார்த்தது என்பது பிடிபடும்.

படத்தை இறக்கி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் வண்ணம் தடித்திருக்கும் இடம் தெரியும். ஈரத்துணி கூடவே கூடாது. கடற்காற்றின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள்; இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். எதிரே கருப்புத் துணி பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடி மேலேயே செல்போனில் எடுங்கள்.

அடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். போட்டோவில் பதிந்த சங்கிலிக்குக் கீழே நிழல் இருக்கும். சேலை மடிப்போடு அதுவும் வளையும். தூரிகையில் போட்ட சங்கிலி மடிப்பைச் சட்டை செய்யாமல் நேராக இறங்கும். முகம் லேசாகத் திரும்பியிருந்தும் பொட்டு மட்டும் முழு வட்டமாக இருந்தால், அது ஸ்டுடியோவில் வைத்த பொட்டு. பொட்டு, பூ, தாலி, சேலைக்கரை, இந்த நான்கையும் முதலில் சோதியுங்கள். சுமங்கலிக் கோலம் குறையாமல் இருக்க வேண்டும் என்ற வீட்டாரின் கவலை இங்கேதான் வெளிப்படும்.

சேலை வெள்ளையாக இருக்கிறதே, கைம்பெண்தான் என்று அவசரப்படாதீர்கள். வண்ணம் வெளுத்திருக்கலாம். ஃபிரேம் மறைத்திருந்த ஓரத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும். கையில் புத்தகம் இருப்பதை வைத்துப் படித்தவர் என்றும் எழுதிவிடாதீர்கள். புத்தகம், பூச்சாடி, கடிகாரம் எல்லாம் பெரும்பாலும் ஸ்டுடியோ சாமான். நகைகூட இரவலாக இருக்கலாம். ஆனால் படித்தவளாகக் காட்ட வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழு ஓவியத்துக்கும் இதே கணக்குதான். ரவி வர்மா 1893-இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்' படத்தில் இருப்பவர் அவர் மகள் மகாபிரபா. இடுப்பில் குழந்தை, பக்கத்தில் நாய். குழந்தையின் அப்பா படத்திலேயே இல்லை. ஆனால் தாயின் பார்வை வெளியே, அவர் வரும் திசையில். இத்தனைக்கும் அது தாய்வழிக் குடும்பம்; பெண்ணும் பிள்ளையும் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள். படமோ கணவனின் வருகைக்குக் காத்திருக்கும் மனைவியைக் காட்டுகிறது. குடும்பம் நடந்த விதம் ஒன்று, நல்ல மனைவியின் இலக்கணமாகப் புதிதாக வந்துகொண்டிருந்தது வேறு. ஆகவே எந்தப் படத்திலும், அதில் இல்லாத ஆள் யார், யார் பார்க்க வரைந்தது என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். பின்பலகையில் ஸ்டுடியோ முத்திரையைத் தேடுங்கள். பெரியம்மாவிடமோ அத்தையிடமோ மூன்று கேள்வி: வண்ணம் தீட்டும்போது அவர் உயிரோடு இருந்தாரா? கூட்டுப்படத்திலிருந்து வெட்டி எடுத்ததா? காசு கொடுத்தது யார்? "அவங்க இவ்ளோ பெரிய பொட்டு வெச்சதே இல்லியே" என்று பெரியம்மா சொன்னால், சொன்னபடியே தேதி போட்டுப் பென்சிலில் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டுப் பின்பலகைக்கு வெளியே ஒட்டுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்துக்கு வந்துவிடும்.